மே மாதத்திலும் சாக்ஸ் போட்டவர்

அன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டியில் ஏறி, சன்னலோர இருக்கையில் என் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தேன். அது தணிகாசலத்துக்கான இடம். மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் முதல் பேருந்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து ஏறுவார். அன்று வரவில்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. பணிமனையில் அன்று ஆய்வு இருந்தது. ஆள் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டு, என்னை மாட்டிவிட்டு, கடலோரமாகக் காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஸ்டோரைக் கவனித்துக்கொள்ளும் மேகலா போன் செய்தார்.

“கோதண்டம் சார், பஸ் ஏறிட்டீங்களா? தணிகாசலம் சார் காலைல தவறிட்டாராம் சார். பல்லு வெளக்கிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். அவங்க அண்ணன் இப்பதான் போன் பண்ணாரு.”

“யாரு சொன்னாங்க? சரியா கேட்டீங்களா?” என்றேன்.

“இதுல போயி யாரு சார் பொய் சொல்லுவாங்க?” என்று மேகலா அழ ஆரம்பித்தார்.

கண்டக்டர் வந்து, “அந்த சீட்டுக்கு ஆள் வருதா, இல்லியா சார்?” என்று கேட்டார். வரவில்லை என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மரக்காணம் பேருந்து எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட அவருடைய ஊருக்கு நான் போனதில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேருந்தில் உட்கார்ந்து அவர் வீட்டுக்குப் போகும்போது எனக்குள் துக்கத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நான் அவருக்கு ஒரு கெடுதல் செய்திருந்தேன். செய்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்ற கேள்வி ஆறு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. இனி அதற்குப் பதில் கிடைக்காது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

நான் கெடார் பக்கத்து விவசாயக் குடும்பம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை வியாபாரி எடை போடும்போது எல்லோரும் தராசு முள்ளைப் பார்ப்பார்கள். என் அப்பா மட்டும் குனிந்து வியாபாரியின் முழங்காலைப் பார்ப்பார், மூட்டைக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறானா என்று. அந்த ரத்தம் எனக்கும் உண்டு. பால்காரரிலிருந்து தாளாளர் வரை யாரையும் நான் முழுசாக நம்பியதில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து மேசையில், குளிர்சாதனப் பிரிவின் பயிற்றுநராக, வட கனடாவில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

அவர் சொன்ன முதல் கதையிலேயே எனக்கு இடித்தது. அங்கே ஒரு பெரிய ஏரி. மறுகரை தெரியாது. அதன் கரையில் மீன் பதப்படுத்தும் ஆலை. அந்த ஆலையின் ஃப்ரீசர் பிரிவில் மெக்கானிக்காக இருந்தாராம்.

“வெளியவே மைனஸ் இருபதுன்னு சொல்றீங்க. அப்பறம் உள்ள எதுக்குங்க ஃப்ரீசர்? மீனை வாசல்ல வச்சா போதாதா?” என்று கேட்டேன்.

“வெளிய இன்னைக்கு இருபது, நாளைக்கு அஞ்சு, மறுநாள் வெயிலு. மீனுக்கு ஒரே சீரா வேணும் சார். மனுஷனுக்குதான் எல்லாம் ஓடும்” என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

ஏரி உறைந்த பிறகு அதன் மேல் நடந்து போவார்களாம். பத்தடிக்கு ஒருமுறை கடப்பாரையால் குத்திப் பார்ப்பார்களாம். துளைபோடும் கருவியால் குடம் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, நம் வீட்டு ஜல்லிக்கரண்டி மாதிரி ஒன்றால் பனிக்கூழை அள்ளி எறிந்துவிட்டு, முழ நீளக் கோலில் நரம்பைக் கட்டி உள்ளே இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்களாம். கீழே இருந்து சால்மன் வந்து கவ்வுமாம்.

“சால்மன் கடல் மீனாச்சே. ஏரில எப்படிங்க வரும்?”

“கடலையே பாக்காத சால்மன் இருக்குது சார். ஏரிலயே வளந்து, ஆத்துல போயி முட்ட போட்டுட்டு, திரும்ப ஏரிக்கே வந்துடும்.”

வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினேன். அப்படி ஒரு மீன் உண்மையிலேயே இருந்தது. அதனால் என்ன, அவரும் அதே இணையத்தில் பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த ஏரியின் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். “அது அவுங்க வாய்க்குதான் சார் வரும், நம்ம வாய்க்குப் பேஜாரு” என்று சிரிப்பார். போலீஸ்காரர் மாதிரி அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. விழுப்புரத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் சாலை மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. எங்கள் பேருந்து யானை மாதிரி மெதுவாக இறங்கியது. தணிகாசலம் சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “தண்ணிக்கு மேல நிக்கிற எதுவும் எங்களுக்குப் படகுதான் சார். படகுல நாங்க செருப்போட ஏற மாட்டோம். கரையிலயே கழட்டி வுட்டுடுவோம். அது சாமி மாதிரி” என்றார். நான் விடுவேனா? “அப்ப இப்ப ஷூவக் கழட்டுங்க பாப்போம்” என்றேன். அவர் சிரித்தார். “ஒரு தடவ கழட்டினதே போதும் சார்” என்றார். என்னமோ சொல்லி நழுவுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய ஷூ ஒரு தனிக் கதை. மே மாத வெயிலில் விழுப்புரம் வெந்துகொண்டிருக்கும். நாங்களெல்லாம் ரப்பர் செருப்பு. அவர் மட்டும் தடித்த சாக்ஸும் கறுப்பு ஷூவும். வகுப்பிலும் சரி, சாப்பாட்டு நேரத்திலும் சரி, கழற்றவே மாட்டார். குதிகாலை அழுத்தி வைத்து, முன்பாதத்தைத் தூக்கி வைத்து நடப்பார். வெளிநாட்டு நடை என்று நாங்கள் கேலி செய்வோம். நிலையத்திலிருந்து எல்லோரும் பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போனபோது அவர் மட்டும் மேலே வரவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க, நான் எல்லாரு செருப்பையும் பாத்துக்கினு இருக்கேன்” என்று அடிவாரத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறிக்கொண்டே, இவர் என்ன, சாமியே கும்பிடாத ஆளா, இல்லை நம்மோடு சேர்ந்து கும்பிடப் பிடிக்காத ஆளா என்று யோசித்தேன்.

திண்டிவனத்தில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது இந்தச் சந்தேகம் முற்றிப்போனது. தணிகாசலம் விடிகாலையிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு கூடை நிறைய வஞ்சிரம் கருவாடு. ஆனால் வாசல்படி தாண்டி வரவில்லை. என் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். “இருக்கட்டும்மா, வெளியவே காத்து நல்லா வருது” என்று கேட் பக்கத்திலேயே நின்றார். இலையில் உட்காரவில்லை. காபியை மட்டும் நின்றபடி குடித்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கால் வைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று முடிவு செய்தேன். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் ஆறவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அந்தப் படத்தைக் காட்டினார். சாயங்காலம், பணிமனையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் பழைய பிரிண்ட் ஒன்று. பரந்த பனிவெளி. தலையிலிருந்து முழங்கால் வரை கம்பளிக் கோட்டுக்குள் புதைந்த ஓர் உருவம். முகத்தில் மஃப்ளர், கண்ணாடி, குல்லாய். இரண்டு கையிலும் வெள்ளிப் பளபளப்பில் பெரிய மீன் ஒன்று.

“நான்தான் சார். மொத நாளு, மொத மீனு” என்றார்.

நான் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. மூலையில் தேதி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பின்னால் திருப்பிப் பார்த்தேன். வெறுமை.

“முகமே தெரியலையே?”

“நல்லாப் பாருங்க சார்.”

“பாத்துட்டேன். யாரா வேணாலும் இருக்கலாமே?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரிதான் சார்” என்று படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட ஆளின் முகம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கெடுதலுக்கு வருகிறேன். நிலையத்தில் முதுநிலைப் பயிற்றுநர் பதவி காலியானது. வரிசையில் முதலில் தணிகாசலம். வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் அவருக்கு அந்த முதலிடம். அவருக்கு அடுத்தவன் நான். பதவி ஆசையால் அதைச் செய்யவில்லை, ஒரு பொய்யன் மேலே போவதைத்தான் பொறுக்க முடியவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்ப வேண்டாம். நானே இப்போது நம்புவதில்லை.

விழுப்புரத்தில் அடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திண்டிவனத்தில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து அடித்தேன். பெயரில்லை, கையெழுத்தில்லை. மொட்டைக் கடிதம். தணிகாசலத்தின் வெளிநாட்டு அனுபவம் பொய்யானது, அவர் காட்டும் சான்றிதழில் உள்ள ஆலை இன்று இல்லவே இல்லை, முகத்தை மூடிய யாரோ ஒருவரின் புகைப்படத்தைத் தன் படம் என்று காட்டி அனைவரையும் ஏமாற்றிவருகிறார். இவ்வளவுதான் கடிதம். தாளாளருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல அவருக்குப் பேருந்தில் இடம் பிடித்தேன்.

தாளாளர் ஆசிரியர் கூட்டத்திலேயே அதை எடுத்துப் படித்தார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். படித்து முடித்துவிட்டு, “எனக்கு இந்த மாதிரி லெட்டர் எல்லாம் புடிக்காது. ஆனா வந்துடுச்சி. தணிகாசலம், அப்படி ஒரு படம் இருக்குதா உங்க கிட்ட? இருந்தா எடுத்துக்கினு வாங்க, பாத்துட்டு இப்பவே முடிச்சிடலாம்” என்றார்.

தணிகாசலம் எழுந்து நின்றார். கை சட்டைப்பையின் மேல் போனது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் பக்கம் பார்த்தார். பிறகு கையைக் கீழே இறக்கினார்.

“அப்படிப் படம் எதுவும் இல்லீங்க” என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. இருக்கிற படத்தை இல்லை என்கிறாரே! பொய்யன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் படத்தை அவர் நிலையம் முழுக்கக் காட்டியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ‘நானும் பார்த்திருக்கிறேனே’ என்று யாரும் எழுந்து சொல்லாதபோது, பாவம் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பதவி எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அவரே இரண்டு டீ வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வாழ்த்துச் சொன்னார். பிறகு, கேட்காமலேயே, அந்த ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “ஐஸு மேல நிக்கும்போது கீழேர்ந்து டம்முனு ஒரு சத்தம் வரும் சார். மொதல்ல உயிரே போய்டும். அப்பறம் அங்க இருந்த கெழவரு ஒருத்தரு சொன்னாரு, சத்தம் போடற ஐஸு கெட்டியா இருக்குது, பயப்படாத. சத்தமே போடாம இருக்குது பாரு, அத நம்பாதன்னு.”

டீயைக் கீழே வைத்தேன். இவர் யாரைச் சொல்கிறார்? கடிதம் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னையா? அல்லது வெறும் ஐஸையா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவர் எனக்குக் கருவாடு கொண்டுவந்தால் ஏன் கொண்டுவருகிறார் என்று யோசித்தேன். என் மகளின் கல்யாணத்துக்கு மண்டபத்தில் கடைசிவரை நின்று பந்தி பரிமாறியபோது, எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனோம். அவர் ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒரு நாளும் சொல்லவில்லை.

அவர் தவறிய அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டுக் கால்மாட்டுக்கு வந்தேன். வேட்டி கணுக்கால்வரைதான் இருந்தது. அவருடைய பாதங்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இறந்தவரின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது நம் வழக்கம். அவருக்கு அப்படிக் கட்டியிருக்கவில்லை. கணுக்காலோடு கணுக்காலைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஏனென்றால் வலது காலில் கட்டைவிரல் இல்லை. அடுத்த இரண்டு விரல்களும் இல்லை. பாதம் அங்கே உருண்டு, தோல் பளபளத்து முடிந்திருந்தது. என் கூட நின்ற ஊர்க்காரர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அது புதுசு என்று தெரிந்தது.

அவருடைய அண்ணன் ஏழுமலை இன்னும் கடலுக்குப் போகிறவர். பந்தலுக்கு வெளியே அழைத்துப்போய்க் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே மறைச்சி இன்னா ஆவப் போவுது சார். அந்த ஊருல மொத நாளு ஏரிக்குக் கூட்டிக்கினு போயிருக்காங்க. கரைல இவன் பூட்ஸக் கழட்டி வச்சிட்டு, வெறும் சாக்ஸோட ஐஸு மேல எறங்கிட்டான். தண்ணிக்கு மேல நிக்கிறது படகுதானே, செருப்போட எப்படி ஏறுவான்? சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழக்கம். காலு தானா கழட்டிக்கிச்சி. ஓட்டைய சுத்தி தண்ணி கசிஞ்சி நின்னுக்கினு இருந்துதாம். சாக்ஸு நனைஞ்சி போச்சி. மீனு வேற மாட்டிக்கிச்சா, அந்தக் குஷில காலு மரத்துப் போனதே தெரியல. யாரோ பாத்து கத்தி, ஜல்தியா தூக்கிக்கினு ஓடினாங்களாம். மூணு வெரலு போச்சி.”

“இத ஏன் யாருக்கும் சொல்லல?”

“கடலுக்குப் போற வூட்டுப் புள்ள, மூணு வெரல ஏரில வுட்டுட்டு வந்தான்னா ஊரு சிரிக்காதா சார்? எங்கிட்டயும் அவன் பொஞ்சாதிகிட்டயும் மட்டும் சொன்னான். சத்தியம் வாங்கிக்கினான்.” கடல் பக்கம் திரும்பினார். “வந்ததுலேர்ந்து ஒரு நாளு கூட படகுல ஏறல சார். செருப்போட ஏறக்கூடாது. கழட்டவும் மாட்டான். நான் கடலுக்குப் போம்போதெல்லாம் கரையில நின்னு பாத்துக்கினே இருப்பான்.”

மலையடிவாரத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்ததும், என் வீட்டு வாசலில் நின்றபடியே காபி குடித்ததும் எனக்கு அங்கேதான் புரிந்தது. கருவாட்டுக் கூடையோடு கேட் அருகே நின்ற மனிதருக்கு உள்ளே வர எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. நான் பொதுவாக அழுகிறவன் இல்லை.

அப்போதும் என் கேள்வி அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மேகலாவும் நானும் போனோம். சடங்கெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தணிகாசலத்தின் மனைவி அஞ்சலை அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார்.

“இந்தப் படத்தப் பெருசு பண்ணி மாட்டலாம்னு எனக்கு ஆச. மொகமே தெரியல, வேணாங்கறாங்க எல்லாரும். நீங்க இன்னா சொல்றீங்க சார்?”

மேகலா வாங்கிப் பார்த்தார். “இது யாருங்க? சாரா? நாங்க பாத்ததே இல்லையே!”

“யாருக்கும் காட்ட மாட்டாருங்க. காலு தெரியுது பாருங்க, அதான். கோதண்டம் சாரு ஒருத்தருக்குதான் காட்டினேன்னு சொன்னாரு. சிநேகிதரு வூட்டு விசேஷத்துக்குப் போயி வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன், அவரு மனசு கஷ்டப்பட்டிருக்கும், அவருக்காவது வெவரத்தச் சொல்லிடணும்னு எடுத்துக்கினு போனாரு.”

மேகலா படத்தை என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை நான் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பளிக் கோட்டுக்குக் கீழே பார்த்தேன். பச்சை கலந்த கறுப்பு ஐஸ். அதன் மேல், பூட்ஸ் இல்லாமல், சாம்பல் நிறச் சாக்ஸ் மட்டும் போட்ட இரண்டு பாதங்கள், கோயில் பிரகாரத்தில் நிற்பதுபோல ஒழுங்காகச் சேர்ந்து நின்றன. மைனஸ் இருபதில் அப்படி நிற்கிறவன் மரக்காணத்துக் கடற்கரைக்காரனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? இதைவிடப் பெரிய அத்தாட்சி எந்த ஆலையும் கொடுத்திருக்காது. என் அப்பாவாக இருந்தால் முதலில் காலைத்தான் பார்த்திருப்பார்.

மேகலா அஞ்சலையிடம், “இத அன்னைக்கு மீட்டிங்ல காட்டியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே? பைலயே வச்சிக்கினு ஏங்க இல்லன்னாரு?” என்று கேட்டார்.

“நானும் அதத்தான் கேட்டேங்க. காட்டினா, இத இதுக்கு முன்னாடி யாருக்குக் காட்டினீங்கன்னு கேப்பாங்க அஞ்சலை, ஒரு பேரு சொல்ல வேண்டி வரும்னாரு. அவருக்குப் பொண்ணு கல்யாணம் இருக்குது, வேல போய்டும்னாரு. யாருன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல.”

அஞ்சலை என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ‘ஒருத்தருக்குதான் காட்டினேன்’ என்று அவரே இப்போதுதான் சொன்னார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்தாரா, தெரிந்துகொண்டே எனக்குச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. மேகலா சேர்த்துப் பார்த்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் கடிதம் படிக்கப்பட்டபோது அவரும் இருந்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் படித்து முடித்த அந்த நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு பார்வைக்குப் பிறகு கையைக் கீழே இறக்கியது என் வேலையைக் காப்பாற்ற. ஆறு வருடம் நான் பிடித்துவைத்த இடத்தில் உட்கார்ந்து வந்தது, எல்லாம் தெரிந்து. ‘சத்தமே போடாம இருக்குது பாரு’ என்று சொன்னது என்னைத்தான். நான் அப்போது ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அதற்குத்தான் டீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கிளம்பும்போது அஞ்சலை அந்தப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். “பிரிண்டு போட்டு எனக்கு ஒண்ணு குடுங்க சார். இது உங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்குன்னு எடுத்துக்கினு போன படம்” என்றார். பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டி அவருக்குக் கொடுத்துவிட்டேன். அப்போது, கடிதம் எழுதியவன் நான் என்று சொன்னேன். அவர் படத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு, “உள்ள வந்து உக்காருங்க சார். வாசல்லயே நிக்காதீங்க” என்றார்.

பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாளாளருக்கு இந்த முறை பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினேன். இன்று உங்கள் முன்னாலும் சொல்லிவிட்டேன். தணிகாசலத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழைய பிரிண்ட். இப்போது அது என் சட்டைப்பையில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். யார் சார் இது, முகமே தெரியலையே என்கிறார்கள். நல்லாப் பாருங்க என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் கீழே இறங்கும்வரை காத்திருக்கிறேன்.